ஸ்ரெலா அக்காவின் அணியில் என் மகள்

1

வெளிநாட்டில் இருப்பவளுக்கு என்ன பயம் என்று ஊரில் கேட்பார்கள். என் அக்கா ஜெசிந்தாவே கேட்டிருக்கிறாள். "அங்க உனக்கு என்ன குறை? சத்தம் சந்தடி இல்லாத நாடுதானே" என்பாள். இங்கிலாந்தின் வடக்கே, கடல் கண்ணில் படாத ஒரு சின்ன நகரத்தில் பதினெட்டு வருடங்களாக இருக்கிறோம். என் கணவருக்கு அங்கே வேலை கிடைத்ததால் போனோம் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் வரைபடத்தை எடுத்து, அந்த ஊருக்கும் கடலுக்கும் இடையில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்த பிறகுதான் நான் அவருக்கு ஓம் சொன்னேன்.

போன ஆவணியில் என் மகள் மெலனிக்குத் திருகோணமலையில் நடந்ததை இதுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. இந்த ஆவணி பிறந்ததும் நித்திரை குறையத் தொடங்கிவிட்டது. எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மெலனிக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் நகரத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று ஓர் அணி இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். கூடாரம் அடிப்பார்கள், நெருப்பு மூட்டிச் சமைப்பார்கள், காயத்துக்குக் கட்டுப் போடப் பழகுவார்கள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சிலர் அதில் இருந்தார்கள். தானும் சேர வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் இணையத்தில் பெயரைப் பதிந்தேன். ஒவ்வொரு பள்ளித் தவணையும் அதே பதில் வரும்: உங்கள் மகள் காத்திருப்போர் வரிசையில் இருக்கிறாள்.

ஒருநாள் அந்த அணியை நடத்தும் பெண்மணியே தொலைபேசியில் எடுத்து விளக்கினார். மண்டபத்தில் இடம் இருக்கிறதாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள்தான் போதாதாம். அவர் உட்பட எல்லோரும் சம்பளம் இல்லாமல், தங்கள் வேலை முடிந்து வருபவர்கள். "நீங்கள் வாரம் ஒரு மாலை வந்து உதவினால் உங்கள் மகளையும் இன்னும் சிலரையும் உடனே சேர்க்கலாம்" என்றார்.

அதற்குப் பொலிஸ் சோதனை வேண்டும் என்றும் சொன்னார். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்வதால் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன் என்றேன். அது அதற்கு, இது இதற்கு, திரும்பவும் செய்ய வேண்டும் என்றார். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னும் பயம். அது மட்டுமல்ல. இருபது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று என் ஆங்கிலத்தில் என்ன சொல்வேன்? அவர்களில் ஒருத்தி விழுந்தால், தொலைந்தால், யாருக்கு என்னவென்று விளங்கப்படுத்துவேன்? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், சொல்லவில்லை.

2

பயத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. இப்போது ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு அதை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போன யுத்த காலத்தில், "அந்தப் பிள்ளை சேர்ந்திட்டாளாம்" என்று யாராவது சொன்னால் எதில் என்று யாரும் கேட்பதில்லை. இயக்கத்தில்தான். அந்த வீட்டு வேலியோரம் சைக்கிள்கள் சாத்தியிருக்கும். உள்ளே தாய் பாயில் கிடப்பாள். அவள் எழும்பி உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக் கிழமைக் கணக்காகும். சீருடை, முகாம், அணி, தலைவி என்று எந்தச் சொல்லையும் எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை. அம்மா என்னையும் அக்காவையும் கோயில் பாடற்குழுவில்கூட விடவில்லை. வலைப்பந்து ஆடப் பள்ளிக்கூட ரீச்சர் கூப்பிட்டபோதும் விடவில்லை. "பத்துப் பிள்ளையள் ஒண்டா நிக்கிற இடத்துக்கு உங்களை விடமாட்டன்" என்பாள். அவள் சொன்னதில் பிழை இருந்ததாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

மெலனி என்னிடம் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நான் சேரலாமா, கூடாரத்தில் படுக்கலாமா என்று. ஆனால் என் காதுக்குள் அது தமிழில்தான் விழுந்தது.

3

போன வருடம் பள்ளி விடுமுறைக்கு என் கணவரின் தங்கை குடும்பம் ஊருக்குப் போனது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. மெலனியை அவர்களோடு அனுப்பி, திருகோணமலை நகரத்தில் ஜெசிந்தா அக்கா வீட்டில் விட்டோம். அக்காவின் மகள் சாறாவுக்கும் மெலனியின் வயதுதான்.

சாறா சனிக்கிழமை பின்னேரங்களில் பங்கு மண்டபத்துக்குப் போகிறவள். அங்கே ஒரு பெண்பிள்ளைகள் அணி. மண்டபம் கத்தோலிக்கக் கோயிலுடையது என்றாலும் எல்லாச் சமயப் பிள்ளைகளும் வருவார்கள். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் ஸ்ரெலா என்பவர் நடத்துகிறார். அவருக்குத் துணையாகக் கிண்ணியாவிலிருந்து பஸீலா என்ற ரீச்சர் பஸ்ஸில் வருவார். இருவருக்கும் இதில் சம்பளம் கிடையாது. இதெல்லாம் மெலனி ஃபோனில் மூச்சு விடாமல் சொன்னது. கடைசியில், "இங்கே காத்திருக்கவே வேண்டாம் அம்மா" என்று ஆங்கிலத்தில் முடித்தாள்.

சேர்ந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. அடுத்த நாள் அக்காவின் குசினியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம் அக்கா. நான் ஸ்ரெலா. உங்கட மகள் வந்து வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா. பெரியம்மா ஓம் எண்டிட்டா. ஆனா தாய் வாயால சொல்லாமல் நான் ஒருத்தரையும் சேர்க்கிறேல்ல."

"அவள் கொஞ்ச நாள்தானே நிப்பாள்" என்றேன்.

"கொஞ்ச நாள் எண்டாலும் என்ர பொறுப்புத்தானே."

பிறகு கேள்விகள் கேட்டார். நீந்தத் தெரியுமா? இழுப்பு, வலிப்பு ஏதும் உண்டா? என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது? நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், "பிள்ளைக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்டார்.

இங்கே பல பத்திரங்கள் நிரப்பியிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒன்றிலும் இருந்ததில்லை. "கடல்" என்றேன். "இடி. தெருநாய். ஆக்கள் கூடிற இடம். பிறகு..."

பின்னால் நின்ற மெலனி எட்டிப் பார்த்து, தன் உடைந்த தமிழில், "அது எல்லாம் அம்மான்ர பயம். எனக்கு அட்டைக்கு மட்டும்தான் பயம்" என்றாள்.

ஸ்ரெலா சிரிக்கவில்லை. "சரி. ரெண்டு பேரின்ர பயத்தையும் ஞாபகத்தில வைச்சிருக்கிறன்" என்றார். அதற்குப் பிறகுதான் நான் ஓம் என்றேன்.

4

மெலனி சேர்ந்து சில நாட்களில் முகாம் பற்றிய கதை வந்தது. ஓர் இரவு தங்கி, மறுநாள் கடற்கரையைத் துப்புரவாக்கிவிட்டுத் திரும்புவது. இடம் இறக்கக்கண்டி.

நான் பிறந்தது இறக்கக்கண்டியில். அப்பா கரைவலைக்காரர். சுனாமி வந்த காலையில் அவர் வலையோடு கரையில் நின்றார். அம்மாவும் அக்காவும் நானும் பூசைக்காக நகரத்துக்குப் போயிருந்தோம். அதனால் நாங்கள் மூவரும் இருக்கிறோம். அப்பாவை இரண்டாம் நாள் பனைகளுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. அடக்கம் முடிந்து நகரத்துக்கு வந்த நான் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. கலியாணம் முடித்து விமானம் ஏறும்வரை நகரத்துக்குள்ளும் கடற்கரைப் பக்கமாகப் போகும் தெருவைத் தவிர்த்துத்தான் நடப்பேன்.

"ஏலாது" என்றேன் அக்காவிடம்.

"றெஜினா, நாங்கள் எல்லாரும் போய்வாறனாங்கள்தானே. அங்க வீடுகள் கட்டி, சனம் இருக்கு. அப்பாவின்ர ஆண்டுப் பூசைக்கு நான் ஒவ்வொரு முறையும் போறனான். நீ ஒருத்திதான் இன்னும் அந்த நாளில நிக்கிறாய்."

மெலனி ஃபோனை வாங்கினாள். அம்மப்பா இருந்த இடத்தைத் தான் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்கு நான் அவரைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. சாறாவுக்குத் தெரிந்த அளவுகூடத் தனக்குத் தெரியாது என்று சொன்னபோது அவள் குரலில் கோபம் இருந்தது. வளர வளர என்னிடமிருந்து விலகிப் போகிறாள், தமிழும் போகிறது, என் பக்கத்து மனிதர்களும் போகிறார்கள் என்று எத்தனையோ நாள் நான்தான் அழுதிருக்கிறேன். இப்போது அவள் திரும்பி வரக் கேட்கிறாள், நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஸ்ரெலாவுக்கு எடுத்தேன். "அவள் கடலுக்க இறங்கக்கூடாது" என்றேன்.

"இறங்கமாட்டா அக்கா."

"கரையிலயும் கனநேரம் நிக்கவேண்டாம்."

"வேலை முடிஞ்ச உடன கூட்டிக்கொண்டு வந்திருவன். நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ" என்றார்.

5

அந்த ஞாயிறு எனக்குக் காலை வேலை. பராமரிப்பு இல்லத்தில் ஃபோனைக் கையில் வைத்திருக்கக் கூடாது, அலுமாரியில் பூட்டிவிட வேண்டும். முதியவர்களை எழுப்பி, கழுவி, உடுத்தி, காலைச் சாப்பாடு கொடுத்து முடித்து, தேநீர் இடைவேளைக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். அக்காவிடமிருந்து மூன்று குரல் பதிவுகள்.

முதலாவது: "றெஜினா, இறக்கக்கண்டியில சனம் ஓடுதாம். கடல் வருதாம் எண்டு கதை. பிள்ளையள் போன் எடுக்கினமில்ல. நீ பயப்பிடாத, நான் பாக்கிறன்."

இரண்டாவது: "சாறாவும் எடுக்கிறாளில்ல. ஸ்ரெலாவும் எடுக்கிறாவில்ல. நான் ஆட்டோ பிடிச்சுப் போறன்."

மூன்றாவதில் அக்காவின் குரலே இல்லை. வாகனங்களின் ஹோர்ன் சத்தம். யாரோ ஒரு பெண் "யேசுவே, யேசுவே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

நான் அக்காவுக்கு எடுத்தேன். மெலனிக்கு எடுத்தேன். ஸ்ரெலாவுக்கு எடுத்தேன். திரும்பவும் முதலிலிருந்து எடுத்தேன். ஒரு எண்ணும் போகவில்லை. அலுமாரிகளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் உள்ளே வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். கடல் வருகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கடலுக்கான அந்தச் சொல் என் நாக்கில் எப்போதும் 'ஷீ' என்றுதான் வரும். "யாரம்மா வருகிறாள்?" என்று அவர் குனிந்து கேட்டார். அவள் இல்லை, கடல் என்றேன். திரும்பவும் அதே சொல்தான் வந்தது. "வரட்டும், வரட்டும், வந்தால் நல்லதுதானே" என்று என் முதுகைத் தடவினார்.

பதினெட்டு வருடம் அந்த மொழியில் வாழ்ந்தும், என் பிள்ளையின் உயிர் போகிறது என்பதைச் சொல்ல ஒரு சொல் எனக்குச் சரியாக வரவில்லை. கடைசியில் கையால் அலையைக் காட்டினேன். அவருடைய முகம் மாறியது. என்னை எழுப்பிக் கதிரையில் இருத்திவிட்டு, கணினியில் செய்தி தேடினார். நெடுநேரம் தேடினார். "எங்கும் எதுவும் இல்லை. எந்த எச்சரிக்கையும் விடவில்லை. பாருங்கள்" என்று திரையைத் திருப்பினார்.

சுனாமி வந்த அன்றைக்கும் எச்சரிக்கை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

வேலையிலிருந்த கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். மெலனி போகும்போது நான் கட்டிக் கொடுத்த பையில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்புத் துவாய். புதுச் செருப்பு. அதைக் கொண்டுதான் அடையாளம் காண்பார்களோ என்று வந்த நினைப்பை மனதிலிருந்து தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது.

தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா" என்றாள் மெலனி. தமிழில்தான் பேசினாள். "ஒண்டும் வரேல்ல அம்மா. கடல் வரேல்ல. நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

6

அங்கே நடந்ததைப் பிறகு மெலனி பாதியும் பஸீலா ரீச்சர் பாதியுமாகச் சொன்னார்கள்.

பிள்ளைகள் கடற்கரையில் போத்தல்களும் அறுந்த வலைத் துண்டுகளும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று தண்ணீர் வழமையைவிட உள்ளே போயிருந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா என்று இன்றும் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் யாருக்கோ ஃபோனில் ஒரு செய்தி வந்திருக்கிறது. ஒருவர் கத்தினார். அந்த ஊரில் ஒருவர் அப்படிக் கத்தினால் மற்றவர்கள் நின்று காரணம் கேட்க மாட்டார்கள். அடுப்பை எரியவிட்டபடியே ஓடினார்கள். மோட்டார்சைக்கிளில் நாலு பேர், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் குடும்பம் குடும்பமாக.

ஸ்ரெலா விசிலை ஊதினார். பிள்ளைகள் ஓடி வந்து சோடி சோடியாகக் கைபிடித்து நின்றார்கள். அப்படி நிற்க ஒவ்வொரு சனிக்கிழமையும் பழகியிருக்கிறார்கள். எல்லோரும் ஃபோனை எடுத்து வீட்டுக்கு அழைக்கத் தொடங்கியதும் வரிசை குலைந்தது. ஸ்ரெலா ஒரு சாக்குப் பையை நீட்டி எல்லா ஃபோனையும் அதில் போடச் சொன்னார். தன்னுடையதையும் போட்டார். "ஒரு கை உங்கட சோடிக்கு. மற்றக் கை விழுந்தா ஊன்ற. போனுக்குக் கை இல்லை" என்றாராம். அதனால்தான் அவர்கள் யாருடைய ஃபோனும் பதில் சொல்லவில்லை. அக்கா ஆட்டோவோடு வழியில் நெரிசலில் மாட்டியிருந்தாள், அங்கே லைன் கிடைக்கவில்லை.

வழியில் ஒரு லொறிக்காரர் நிறுத்தி, பாதிப் பேரை ஏற்றுகிறேன் என்றார். பிள்ளைகளைப் பிரிக்க ஸ்ரெலா சம்மதிக்கவில்லை. அதற்காக எண்ணிப் பார்த்தபோதுதான் இரண்டு பேர் குறைந்தது தெரிந்தது.

மெலனியும் சஹ்லா என்ற எட்டு வயதுப் பிள்ளையும். சஹ்லாவுக்கு மலசலகூடம் போக வேண்டியிருந்ததால் பஸீலா ரீச்சரிடம் சொல்லிவிட்டுக் கரையோர வீடொன்றுக்கு இருவரும் போயிருந்தார்கள். மெலனியின் ஃபோன் முகாமில் பைக்குள் கிடந்தது. விசில் கேட்டு வெளியே வந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துபோட்டு ஓடிவிட்டார்கள். தெரு முழுக்க ஓடும் ஆட்கள். சஹ்லா பயத்தில் முற்றத்திலேயே குந்திவிட்டாள். தூக்கப் பார்த்தும் முடியவில்லை என்று மெலனி சொன்னாள். "நான் அவளை விட்டிட்டு ஓடலாம் எண்டு நினைச்சன் அம்மா. பிறகு எனக்கு வழி தெரியாது எண்டு நினைச்சன்." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்ரெலா மற்றப் பிள்ளைகளைப் பஸீலா ரீச்சரிடம் கொடுத்தார். "நீங்கள் நிக்கவேண்டாம். மேட்டுக்குப் போற வரைக்கும் திரும்பிப் பாக்கவேண்டாம்" என்றார்.

"நான் அவவின்ர கையைப் பிடிச்சனான்" என்றார் பஸீலா ரீச்சர் என்னிடம். "அவவுக்கு நாலு வயசில ஒரு பிள்ளை இருக்கு. போகவேண்டாம் எண்டு சொல்ல வாய் வந்தது. சொல்லேல்ல. நான் எப்பிடிச் சொல்லுறது? குறைஞ்ச ரெண்டும் நான் அனுப்பின பிள்ளையள்."

எல்லோரும் மேற்கே ஓடிக்கொண்டிருக்க, ஸ்ரெலா மட்டும் கிழக்கே, கடல் பக்கமாக ஓடினார். எதிரே வந்த மோட்டார்சைக்கிள் தட்டி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. அதோடு எழும்பி, அந்த வீட்டைக் கண்டுபிடித்து, சஹ்லாவை வலது தோளில் போட்டுக்கொண்டு, தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரும்படி மெலனியிடம் சொன்னார். மூவரும் பனைகளுக்குள்ளால் நடந்து வந்தார்கள். அவர்கள் மேட்டுக்கு வந்து சேரும்போது அங்கே நின்றவர்களுக்குச் செய்தி பொய் என்று தெரிந்திருந்தது. சிலர் சிரித்துக்கொண்டு திரும்பிப் போகத் தொடங்கியிருந்தார்களாம்.

7

மெலனியைத் திரும்பக் கூட்டிவர நானே போனேன். மேற்பார்வையாளர் இப்போது லீவு தந்தார். விமானத்தில் முழு நேரமும் ஸ்ரெலாவிடம் என்ன கேட்பது என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஏன் கரைக்குக் கூட்டிப்போனாய்? ஏன் ஃபோனைப் பறித்தாய்? ஏன் என் மகளைச் சின்னப் பிள்ளையோடு தனியே அனுப்பினீர்கள்? வீட்டு வாசலில் மெலனியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அந்தக் கேள்விகள் என் வாய்க்குள்ளேயே இருந்தன.

சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். முன்னால் ஒரு மேசை. ஸ்ரெலா முறிந்த கையில் மாக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பஸீலா ரீச்சர். பேசியவர்களில் வான் ஓட்டும் அன்ரனி என்பவரின் குரல்தான் பெரிதாக இருந்தது. அவருடைய இரண்டு மகள்மார் அணியில் இருந்தார்கள்.

"ஒரு வதந்திக்குப் பிள்ளையளை ரோட்டால இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறியள். போனையும் பறிச்சு வைச்சிட்டியள். நாங்கள் இஞ்ச செத்துப் பிழைச்சம். சம்பளம் இல்லாத வேலையெண்டா பொறுப்பும் இல்லையோ?"

ஸ்ரெலா, "உங்கட கோபம் நியாயம் அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

"வந்தது வெறும் கதை. அதுக்கு இவ்வளவு அமளி" என்றார் இன்னொருவர். "இனிமேல் எங்கட பிள்ளை வரமாட்டா" என்றாள் ஒரு தாய். சஹ்லாவின் உம்மா மூலையில் இருந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு அன்ரனி என் பக்கம் திரும்பினார். "அக்கா வெளிநாட்டில இருந்து இதுக்காகவே வந்திருக்கிறா. அங்கத்தை நாட்டில இப்பிடி நடந்தா விடுவினமோ? நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பினேன். அடுக்கி வைத்திருந்த கேள்விகள் ஒன்றும் வரவில்லை. அதுவரை எனக்கே தெரியாமல் இருந்த ஒன்றுதான் வந்தது.

"ஸ்ரெலா, நீங்கள் திரும்பிப் போகேக்க கடல் வருதெண்டு நம்பினீங்களா?"

அவர் கட்டுப் போட்ட கையை மேசையில் எடுத்து வைத்தார்.

"ஓம் அக்கா" என்றார். "நம்பினனான்."

அதுவரை எல்லோரும் ஒரு பொய்ச் செய்தியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு அந்த நேரத்தில் அது பொய்யில்லை. சஹ்லாவின் உம்மா எழும்பிப் போய் ஸ்ரெலாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் போக நினைத்தேன். ஆனால் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

8

அதோடு எல்லாம் நன்றாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. அடுத்த சனிக்கிழமை பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. அன்ரனி மூத்தவளை மட்டும் அனுப்பினார். இளையவளை வீட்டில் வைத்துக்கொண்டார். பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் மெலனியை அன்று அனுப்ப வேண்டாம் என்றுதான் காலையில் சொன்னேன். அவள் சாறாவோடு வெளிக்கிட்டு வாசலில் நின்றாள். தனியே அனுப்ப மனம் வராமல் நானும் போனேன்.

இப்போது இங்கே செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் நகர மண்டபத்துக்கு நானும் போகிறேன். பொலிஸ் சோதனை முடிந்தது. மெலனியும் இன்னும் சில பிள்ளைகளும் வரிசையிலிருந்து உள்ளே வந்துவிட்டார்கள். என் ஆங்கிலத்தை அவர்கள் திருத்துகிறார்கள். ஒவ்வொரு செவ்வாயும் போகும்போது பயம், திரும்பி வரும்போது களைப்பு. ஆனால் நான் முதன்முதல் பிள்ளைகளுக்குக் காவல் நின்றது இங்கே இல்லை. திருகோணமலையில், அந்தச் சனிக்கிழமை.

பஸீலா ரீச்சரின் மகனுக்குக் காய்ச்சல், அவர் வரவில்லை. பெரியவர்கள் இருவர் இல்லாமல் மண்டபத்துக்கு வெளியே போகக்கூடாது என்பது அணியின் விதி. அன்று வந்த பிள்ளைகள் நகரக் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று நின்றார்கள். ஸ்ரெலாவும் அதைத்தான் விரும்பினார். "இப்ப போகாட்டி இந்தப் பிள்ளையள் ஒருநாளும் கடலுக்குக் கிட்டப் போகமாட்டினம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கள் நிப்பீங்களா?" என்று கேட்டார்.

ஏலாது என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவருக்கும் அது தெரியும். மெலனி என்னைப் பார்க்காமல் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நான் என்ன செய்யவேணும்?" என்றேன்.

"பிள்ளையள் முழங்கால் தண்ணியில நிப்பினம். பெரிய ஆள் ஒருத்தர் அவையளுக்கு அங்கால, ஆழப் பக்கமா நிக்கவேணும். கடலைப் பாக்கக்கூடாது. பிள்ளையளைப் பாக்கவேணும். எனக்கு இந்தக் கட்டோட இறங்க ஏலாது."

விரிகுடாத் தண்ணீர் குளம்போலக் கிடந்தது. தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கப்பல் ஒன்று நின்றது. நான் சுடிதாரோடு இறங்கினேன். கணுக்காலில் தண்ணீர் பட்டது. முழங்காலுக்கு வந்தபோது நின்றுவிட்டேன். கரையிலிருந்து ஸ்ரெலா, "இன்னும் கொஞ்சம் அக்கா" என்றார். இன்னும் கொஞ்சம் போனேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. திரும்பினேன்.

பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். சஹ்லா ஒரு கையால் சாறாவையும் மறுகையால் மெலனியையும் பிடித்திருந்தாள். ஒரு சின்ன அலை என் முதுகில் மோதியது. என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க உடம்பு முழுவதும் துடித்தது. பார்த்தால் பிள்ளைகளும் பார்ப்பார்கள், பார்த்தால் பயப்படுவார்கள். நான் திரும்பவில்லை. அவர்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடித்து, சத்தமாகத் திரும்பவும் எண்ணினேன்.